சிவப்புச் சைக்கிளும் ஆரணியின் தம்பியும்

1

நெல்லியடியில் என்னோடு படிப்பித்த தேவி ரீச்சர் போன மாதம் ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தார். அவர் நடத்தும் ரியூட்டரி வகுப்புகளுக்கு ஆண்டு மலர் வரப்போகிறதாம்.

"நீர் கனடாவில இருக்கிறீர். அங்கத்தைப் பள்ளிக்கூடங்கள் எவ்வளவு திறம் எண்டு ரெண்டு பக்கம் எழுதித் தாரும். தாய் தகப்பன்மார் ஆசையா வாசிப்பினம்."

நானும் ஓம் என்று சொல்லிவிட்டேன். எழுதத் தொடங்கிய பிறகு பார்த்தால் இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. திறம் என்பதும் அவ்வளவாக வரவில்லை. போடுவதும் விடுவதும் தேவி ரீச்சரின் விருப்பம்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் பதினொரு வருடம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வகுப்பு எடுத்தவள். இதை வாசிக்கிறவர்களில் சிலர் என் வாங்கில் இருந்து படித்திருப்பீர்கள். என்னிடம் அடிமட்டத்தால் அடி வாங்கியும் இருப்பீர்கள். இப்போது மொன்றியலில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், மூன்றாம் மாடியில், நிலம் துடைக்கிறேன். காலை ஆறு மணிக்கு வேலை. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. வந்து நான்கு வருடத்தில் பல விஷயங்கள் அப்படி ஆகிவிட்டன.

2

முதலில் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணையின் பிள்ளைகள் படிப்பது சார்ட்டர் பள்ளி என்ற ஒன்றில். அரசாங்கம் காசு கொடுக்கும், ஆனால் நடத்துவது தனி ஒரு சபை. பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள் என்று சில வருடத்துக்கொரு தடவை காட்டாவிட்டால் இழுத்து மூடிவிடுவார்களாம். கியூபெக்கில் அந்தப் பெயர் கிடையாது. ஆனால் என் மகள் ஆரணி போகும் பள்ளிக்கூடம் ஏறக்குறைய அதே சாதிதான். பன்னிரண்டு வயதில் சேரும் சின்ன உயர்பள்ளி. பாதிக்கு மேல் எங்களைப் போல வந்தவர்களின் பிள்ளைகள். நாங்கள் இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து அக்காடி மெட்ரோவில் ஏறினால் நான்காவது தரிப்பு. நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியும் அந்தப் பக்கம்தான். அதற்காகவும்தான் அந்த இடத்தைத் தேடிப் பிடித்தேன்.

பதியப் போன அன்று அதிபர் எங்களை இருத்தி வைத்து விளக்கம் சொன்னார். ஒல்லியான மனிதர், மெதுவாகப் பேசுவார். அவருடைய பிரெஞ்சை ஆரணிதான் எனக்குச் சொன்னாள். இங்கே ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிட மாட்டோம். செப்டம்பரில் இருந்த ஆரணியை ஜூனில் இருக்கும் ஆரணியோடுதான் ஒப்பிடுவோம். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். அதனால் செப்டம்பர் முதல் வாரம் எல்லாருக்கும் ஒரு சோதனை வைப்போம். பிறகு ஜனவரியில், பிறகு ஜூனில். மூன்றையும் சேர்த்து ஒரு கோடு கீறுவோம்.

ஓம் ஓம் என்று தலையாட்டினேன். அத்தனை விளக்கத்திலும் எனக்குள் ஏறியது ஒன்றே ஒன்று. செப்டம்பர் முதல் வாரம் பரீட்சை.

வீட்டுக்கு வந்து என் கணவர் தவத்திடம் அதைத்தான் சொன்னேன். அவர் பாண் தொழிற்சாலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார்.

"இப்பதானே வகுப்பில சேர்க்கினம். அதுக்குள்ள என்ன சோதினை?"

"முதல் சோதினையிலதான் பிள்ளையை ஆரெண்டு பாப்பினம். அதில விழுந்தா எழும்பேலாது."

"நீ ரீச்சர். நீ சொன்னாச் சரிதான்" என்றார். இங்கே வந்த பிறகு என்னை ரீச்சர் என்பவர் அவர் ஒருவர்தான், அதுவும் பாதி பகிடிக்கு.

3

என்னிடம் படித்தவர்களுக்கு இது தெரியும். புலமைப்பரிசில் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வெளியே வரும்போது தாய்மார் தண்ணீர்ப் போத்தலோடு கேற்றடியில் நிற்பார்கள். நான் கொப்பியோடு நிற்பேன். ஒரு பிள்ளையைப் பிடித்தால் மூன்று கேள்வி ஞாபகம் வரும். பதினைந்து பிள்ளையைப் பிடித்தால் முழுத் தாளும் வந்துவிடும். அன்று பின்னேரமே எழுதி முடித்து, அடுத்த வருடப் பிள்ளைகளுக்குப் பயிற்சியாகக் கொடுத்துவிடுவேன். அதைக் களவு என்று ஒருவரும் சொன்னதில்லை. கெட்டிக்கார ரீச்சர் என்றுதான் சொன்னார்கள்.

அந்தக் கோடை விடுமுறையில் அதையே இங்கே செய்தேன். கீழ்வீட்டுச் சாந்தி அக்காவின் இரண்டு பிள்ளைகளும் அதே பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புகளில் படித்தார்கள். கோயிலில் தெரிந்த இன்னும் மூன்று பிள்ளைகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டு, றோல்ஸ் பொரித்துக் கொடுத்து, கொப்பியை விரித்தேன்.

சாந்தி அக்காவின் மூத்தவள் நிலா சிரித்தாள். "ஏன் அன்ரி? அது சும்மா ஒரு ரெஸ்ட்."

"சும்மா ரெஸ்ட் எண்டு ஒண்டு இல்லைப் பிள்ளை. சொல்லும், முதல் கேள்வி என்ன?"

ஐந்து பிள்ளைகளும் ஐந்து வெவ்வேறு வருடத்தில் எழுதியவர்கள். ஐந்து பேரும் ஒரே கேள்விகளைச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் அந்தத் தாளை மாற்றுவதே இல்லை. மறைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அப்போது நான் நினைத்தது, இந்த வெள்ளைக்காரர் எவ்வளவு கவனயீனமான ஆட்கள் என்று.

கணக்கு பயமில்லை. பிரெஞ்சு வாசிப்புப் பகுதியை நிலாவை வைத்துப் பாடமாக்க வைத்தேன். கடைசியில் ஒரு கட்டுரை. 'நீ யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாத ஒரு பொருள்' என்பது தலைப்பு. அதைக் கேட்டதும் எனக்கு உடம்பில் புது இரத்தம் ஊறியது போல இருந்தது. என்னிடம் அதற்கு ஒரு கட்டுரை இருந்தது.

உங்களில் சிலருக்கு இப்போது சிரிப்பு வரும். 'எனது சைக்கிள்.' அப்பா பிறந்த நாளுக்கு வாங்கித் தந்த சிவப்புச் சைக்கிள். பள்ளிக்கூடம் விட்டதும் தம்பியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடற்கரை வரை போவேன். அவன் விழுந்துவிடாமல் என் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்வான். அவன் சிரிக்கும் சத்தம் எனக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே வரும். பதினொரு வருடம் எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்தச் சைக்கிளைச் சொல்லிக் கொடுத்தேன். சைக்கிள் இல்லாத பிள்ளையும் எழுதியது, தம்பி இல்லாத பிள்ளையும் எழுதியது. தாள் திருத்துகிறவர் வீட்டுக்கு வந்து தம்பி எங்கே என்று கேட்கப்போவதில்லை.

கடற்கரையை ஆற்றங்கரை ஆக்கினேன். தம்பியை அப்படியே விட்டேன். நிலா அதை நல்ல பிரெஞ்சில் எழுதித் தந்தாள். ஆரணி அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, எனக்குத் தம்பி இல்லைத்தானே?"

"கட்டுரைக்குத் தம்பி வேணும். தம்பி வந்தாத்தான் வாசிக்கிற ஆளுக்கு மனம் இளகும். பாடமாக்கு."

பாடமாக்கினாள். சொன்னதைச் செய்கிற பிள்ளை.

4

சோதனையில் அவளோடு புதிதாகச் சேர்ந்தவர்களிலேயே அவளுக்குத்தான் கூடிய புள்ளி. கடிதம் வந்தது. நிலா வாசித்துச் சொன்னாள். ஆரணி முன்னேறிய வாசிப்புக் குழுவில் சேர்க்கப்படுகிறாள். மேலதிக உதவி வகுப்புகள் அவளுக்குத் தேவையில்லை.

தேவையில்லை என்ற சொல்லைப் பரிசு என்றுதான் எடுத்துக்கொண்டேன். பிறகுதான் விளங்கியது, அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆகத் திறமான விஷயமே அந்த உதவி வகுப்புகள்தான் என்று. நான்கு பிள்ளைக்கு ஒரு ஆசிரியர், கிழமைக்கு ஐந்து மணித்தியாலம். அதற்காகவே சனம் அங்கே பிள்ளைகளைச் சேர்க்கிறது. என் பிள்ளையிடமிருந்து அதை நானே பறித்துவிட்டேன்.

அவளுடைய பிரெஞ்சு ஆசிரியை மடாம் ஜோஸ்லின். கட்டுரையை வகுப்பில் உரக்க வாசித்தாராம். பிறகு அதை நடைபாதைச் சுவரில் ஒட்டினார். நான் வேலை முடிந்து போய் அதைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினேன். தேவி ரீச்சர் கைதட்டும் படம் பத்துப் போட்டிருந்தார். பிரெஞ்சில் இருந்ததால் அது எங்கள் சைக்கிள் என்று அவருக்குத் தெரியாது. அடுத்த நாள் வார்டில் ஏற்கெனவே துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு சந்தோஷம்.

5

ஆரணி ஒன்பது வயதில் இங்கே வந்தவள். பிரெஞ்சு பேசுவாள், கடையில் சாமான் வாங்குவாள், மெட்ரோவில் வழி கேட்பாள். தடித்த புத்தகத்தை வாசித்து அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவது வேறு. அந்தக் குழுவில் மற்றப் பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். முதல் புத்தகத்தில் அவளுக்கு ஒரு பக்கத்துக்கு இருபது சொல் தெரியாது. கேட்கவும் ஏலாது. சைக்கிள் கட்டுரை எழுதிய பிள்ளை அந்தச் சின்னச் சொல்லுக்கெல்லாம் கருத்துக் கேட்டால் என்ன நினைப்பார்கள்?

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது நான் கண்டது, பிள்ளை கதைப்பதைக் குறைத்துக்கொண்டாள் என்பது மட்டும். முந்தி பள்ளிக்கூடத்தால் வந்தால் சப்பாத்தைக் கழற்ற முதல் கதை தொடங்குகிறவள். நவம்பரில் எதைக் கேட்டாலும் "ம்" என்றாள். மேசையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இருப்பாள். நான் சமைத்து முடித்து வந்து பார்த்தால் அதே பக்கம்.

"படிக்கிறியோ?"

"ம்."

எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. இருட்டில் வேலைக்குப் போய், ஓவர்ரைமும் செய்து, நாலு மணிக்கே இருட்டிவிட, திரும்பவும் இருட்டில் வீட்டுக்கு வந்து, சோறு வடித்து, அடுத்த நாள் சாப்பாட்டைப் பெட்டியில் போட்டு மூடி வைப்பேன். யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நல்லா இருக்கிறன் என்று வாய் தானாகச் சொல்லும். கவலையும் இல்லை. ஒன்றும் இல்லை. குளிரில் கையுறை இல்லாமல் நின்றால் முதலில் விரல் நோகும், பிறகு நோகாது. நோகாமல் போனதைச் சுகம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரிச் சோதனையின் கேள்விகளை ஒரு பிள்ளையாலும் எனக்குச் சொல்ல முடியவில்லை. அது வருடா வருடம் மாறுகிற தாள். கோடு கீழே இறங்கியது. பள்ளிக்கூடம் தொலைபேசியில் அழைத்து, குளிர்காலத்தில் சில பிள்ளைகளுக்கு இப்படி ஆவதுண்டு, யோசிக்க வேண்டாம் என்றது. நான் யோசிக்கவில்லை. இன்னும் இரண்டு பயிற்சிப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். எனக்குச் செய்யத் தெரிந்தது அதுதான்.

6

மே மாதம் பள்ளிக்கூடத்தில் சைக்கிள் சுற்றுலா என்று அறிவித்தல் வந்தது. கால்வாய்க் கரையோரம் போவதற்கு, சைக்கிள் வைத்திருக்கிற பிள்ளைகள் கொண்டுவரலாம். மடாம் ஜோஸ்லின் ஆரணியிடம் நேரே கேட்டாராம், உன் சிவப்புச் சைக்கிளைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று. இவள் ரயர் வெடித்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தாளாம், நிலாதான் எனக்குச் சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமை நான் பழைய சைக்கிள் விற்கும் கடை ஒன்றுக்குப் போய், சிவப்பில் ஒன்று இருக்கிறதா என்று கையால் காட்டிக் கேட்டேன். இருந்தது. மணி இல்லை, மற்றபடி நல்ல சைக்கிள். உருட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினேன். ஆரணி படியில் நின்று பார்த்தாள். ஆறேழு மாதத்துக்குப் பிறகு அவள் எனக்கு ஒரு முழு வசனம் சொன்னது அன்றுதான்.

"தம்பியையும் வாங்குவீங்களோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்க்காரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அவள் சைக்கிளைத் தொடவே இல்லை. சுற்றுலாவுக்கும் போகவில்லை, வயிற்றுவலி என்றாள். ஏன் தம்பி என்று சொன்னாள் என்று நான் ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

7

ஜூனில் கடிதம் வந்தது. பெற்றோர் ஒருவரும் பிள்ளையும் வரவேண்டும், தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருப்பார்.

"பள்ளிக்கூடத்தில இருந்து கடிதம் வந்தா எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார் தவம். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நான் பாதி நாள் வேலையை விட்டுவிட்டுப் போனேன்.

சின்ன அறை. அதிபர், மடாம் ஜோஸ்லின், நான், ஆரணி. நடுவில் மேசையில் தொலைபேசி. அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல், சென்னைப் பக்கத்துத் தமிழ்.

"வணக்கம் மேடம். அவங்க சொல்றத நான் அப்படியே உங்களுக்குச் சொல்லுவேன். நீங்க சொல்றத அப்படியே அவங்களுக்குச் சொல்லுவேன். எதையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன்."

அதிபர் ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். செப்டம்பரில் உயரத்தில் ஒரு புள்ளி. ஜனவரியில் நடுவில். ஜூனில் அடியில். நேர் கோடு, இறங்கிக்கொண்டு போனது. இந்தப் பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு கோடு வந்ததில்லை என்றார். வளர்ச்சி இல்லாத பிள்ளை இருக்கலாம், இப்படிப் பின்னால் போகிற பிள்ளை ஏதோ பாரத்தைச் சுமக்கிறது.

பிறகு மடாம் ஜோஸ்லின் பேசினார். பேசும்போது என் கையைத் தொட்டார். தொலைபேசிக் குரல் கொஞ்சம் தயங்கித் தயங்கி வந்தது.

"மேடம், அவங்க சொல்றாங்க... பிப்ரவரி மாசம் உங்க பொண்ணுகிட்ட தம்பி எப்படி இருக்கான்னு கேட்டாங்களாம். அவ, அவன் இல்லைன்னு சொல்லிட்டு அழுதாளாம். அப்புறம்தான் ஃபைல்ல பாத்தாங்களாம், வீட்டுல ஒரே குழந்தைன்னு இருக்கு. உங்க ஊர்ல நடந்தது எல்லாம் அவங்களுக்குத் தெரியும். உங்க மகன் இறந்துபோனதுக்கு ரொம்ப வருத்தப்படறாங்க. இத்தனை நாள் உங்ககிட்ட கேக்காம இருந்ததுக்கு மன்னிப்புக் கேக்கறாங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. என் எந்த மகன் என்று யோசித்தேன். ஆரணிக்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை தரிக்கவே இல்லை. பிறகு விளங்கியது. சைக்கிளின் பின்னால் இருந்தவன்.

ஆரணி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிபர் தொடர்ந்தார். சாதாரணமாக ஜூன் புள்ளி இப்படி இருந்தால் பிள்ளை அதே வகுப்பைத் திரும்பவும் படிக்க வேண்டும். ஆனால் வீட்டில் ஒரு சாவு, அதன் துயரம் என்று கோப்பில் எழுதினால் இந்தப் புள்ளியைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை. ஆரணி மேல்வகுப்புக்குப் போகலாம். தனியே ஒரு உதவி ஆசிரியரும் தருவார்கள். தாய் ஓம் என்றால் போதும்.

இனி எழுதப்போவதை எழுத எனக்கு விருப்பமில்லை. நான் தலையாட்டினேன். ஒரு வருடம் மிச்சம், உதவி ஆசிரியர், மேல்வகுப்பு. அவ்வளவும் ஒரு தலையாட்டலுக்கு. இத்தனை புள்ளி எடுத்தால்தான் தேர்வு என்ற வெட்டுப்புள்ளியோடு பதினொரு வருடம் மல்லுக்கட்டிய மூளை அது. அதற்கு வேறு கணக்குத் தெரியாது. அந்தப் பெடியனுக்கு என்ன வயதாக இருந்திருக்கும் என்று கூட ஒரு கணம் யோசித்து வைத்தேன், கேட்டால் சொல்வதற்கு.

அதிபர் பேனையை எடுத்தார். எடுத்துவிட்டு, தொலைபேசியைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"மேடம், தலையாட்டினது பத்தாதாம். ரெக்கார்டுக்காக வாயால சொல்லணுமாம். மகன் இறந்துட்டான்னு எழுதட்டுமா? ஆமாவா இல்லையா?"

ஆரணி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. சும்மா, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்க்கிற பார்வை.

வாயால் சொல்ல வரவில்லை. இல்லாத பிள்ளை என்றாலும் என் வாயால் செத்துவிட்டான் என்று சொல்ல வரவில்லை. அதுவும் இவளுக்கு முன்னால், இவளுடைய தம்பியை.

"எனக்கு மகன் இல்லை" என்றேன். "இருந்ததும் இல்லை. அந்தக் கட்டுரை நான் எழுதினது. சோதினைக் கேள்வி எல்லாத்தையும் மற்றப் பிள்ளைகளிட்டக் கேட்டு எடுத்து, இவளைப் பாடமாக்க வைச்சது நான்தான். செப்டம்பர் புள்ளி இவளின்ரை இல்லை."

தொலைபேசிக் குரல் தணிந்து கேட்டது.

"மேடம், இத அப்படியே சொல்லிடட்டுமா?"

"ஓம். அப்படியே சொல்லுங்கோ."

8

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், பெற்றோர் அதைத்தான் தேடுவார்கள்.

ஆரணி உயர்பள்ளியின் முதலாம் வகுப்பைத் திரும்பவும் படிக்கப்போகிறாள், இந்த முறை உதவி வகுப்புகளோடு. பள்ளிக்கூடத்தை விட்டுக் கலைக்கவில்லை. செப்டம்பர்த் தாளை மாற்றிவிட்டார்கள். நான் கேள்வி வாங்கிய ஐந்து பிள்ளைகளையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை என்று நான் எழுதிக் கொடுத்தேன். ஆனாலும் சாந்தி அக்கா என்னோடு கதைப்பதில்லை. படியில் எதிர்ப்பட்டால் கைப்பையில் எதையோ தேடுகிறார். என் பிள்ளையின் பெயரைக் கொண்டுபோய் அங்க ஏன் சொன்னனீ என்று ஒரு தடவை கேட்டார், அவ்வளவுதான். சைக்கிளை நிலா எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பினேன். எடுக்கவில்லை.

மடாம் ஜோஸ்லின் சுவரிலிருந்து கட்டுரையைக் கழற்றி என்னிடம் தந்தார். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பிப்ரவரியிலிருந்தே, இல்லாத ஒரு பிள்ளைக்காகத் துக்கப்பட்ட மனிசி. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று மட்டும், ஆரணியைத் தமிழில் சொல்ல வைத்து, கேட்டார். பரீட்சை என்று நினைத்தேன் என்றேன். அது பரீட்சை இல்லை, இந்தப் பிள்ளைக்கு எங்களிடமிருந்து என்ன வேண்டும் என்று கேட்பதற்குத்தான் அந்தத் தாள் என்றார். நான் படித்த இடத்திலும் படிப்பித்த இடத்திலும் ஒரு தாளும் அப்படிக் கேட்டதில்லை.

தவத்திடம் பின்னேரம் சொன்னேன். அவர் பாணை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டு கேட்டார். கடைசியில், "ஒரு வருசம்தானே, போகட்டும்" என்றார். எனக்கு ஒரு வருடம் என்பது எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னார்.

9

அந்த அறையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

நான் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் பிரெஞ்சில் சொல்லி முடித்த பிறகு, அதிபர் ஆரணியிடம் திரும்பினார். நீ ஏன் இவ்வளவு நாளும் ஒருவருக்கும் சொல்லவில்லை என்று கேட்டிருப்பார் போல. ஆரணி பேசத் தொடங்கினாள். மெதுவாக, பிரெஞ்சில், நிறையப் பேசினாள். அவள் அவ்வளவு பேசி நான் அந்த வருடத்தில் கேட்கவில்லை. அவளுக்கு ஒரு அடி தள்ளி இருந்தும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. நான்கு வருடமாக நிலம் துடைக்கப் போதுமான பிரெஞ்சுதான் என்னிடம் இருந்தது. மடாம் ஜோஸ்லின் கண்ணைத் துடைத்தார். எதற்கென்று தெரியாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தச் சென்னைப் பெண் எனக்குச் சொன்னார். என் மகள் சொன்னதை அவருடைய குரலில்தான் நான் கேட்டேன்.

"மேடம், உங்க பொண்ணு சொல்றாங்க. செப்டம்பர்லயே சொல்லணும்னு நினைச்சாளாம். முதல் புத்தகம் குடுத்த அன்னிக்கே நினைச்சாளாம். ஆனா கட்டுரையை செவுத்துல ஒட்டினப்ப, வேலை டிரெஸ்ஸோட வந்து, அது முன்னாடி நின்னு ரொம்ப நேரம் பாத்தீங்களாமே. அது என் மார்க் இல்ல, எங்கம்மாவோட மார்க்குன்னு சொல்றாங்க. எங்கம்மா இந்த ஊருக்கு வந்து வாங்கின ஒரே மார்க். நான் சொன்னா அம்மா ஃபெயில் ஆயிடுவாங்க. அதான் சொல்லலன்னு சொல்றாங்க."

எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நல்லது. கையை மேசைமேல் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். தொலைபேசிக்குள் இருந்தவருக்கு அது தெரியாது.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"ஓம்," என்றேன். "இருக்கிறன்."